தபால் வாக்களிப்பு: வரிசை எங்கே சிக்குகிறது?

வாக்குச்சீட்டில் புள்ளடி (X) போட ஒரு நிமிடம் போதும். ஆனாலும் மட்டக்களப்பில் எங்கள் அலுவலகத்தில் தபால் வாக்களிப்பு நாளில் வரிசை மாமரத்தடி வரை நீளும். சில தேர்தல்களில் அத்தாட்சிப்படுத்தும் அலுவலராக, அதாவது வாக்காளரின் படிவத்தில் சாட்சிக் கையெழுத்திடுபவராக, இருந்திருக்கிறேன். சிக்கல் வாக்களிக்கும் மறைவில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள மேசைகளில்தான்.

நம் இலங்கையில் எல்லோருக்கும் முன்கூட்டி வாக்களிக்கும் வசதி கிடையாது. தேர்தல் கடமைக்குப் போகும் அரச ஊழியர்கள், பொலிஸார், படையினர் போன்றோர் விண்ணப்பித்து அனுமதி கிடைத்தால் பணியிடத்திலேயே வாக்களிக்கலாம். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கான தபால் வாக்களிப்பு ஒக்டோபர் 30, நவம்பர் 1, 4 ஆகிய நாள்களில் நடந்தது. இடையில் 31ஆம் திகதி தீபாவளி. மறுநாள் மேசைக்கு ஆள் தேடினேன். முஸ்லிம் ஊழியர்கள் "நாங்க இருக்கம் சேர்" என்று முன்வந்ததால் தப்பித்தோம்.

மட்டக்களப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் படிப்பிக்கும் ஆசிரியர் கல்முனைக்காரர் என்றால் அவருக்கு வருவது திகாமடுல்லைச் சீட்டு, அதாவது அம்பாறை மாவட்டத்துச் சீட்டு. நம்முடைய சீட்டில் வேட்பாளர்களுக்கான விருப்பு இலக்கம் 8 வரை, அங்கே 10 வரை. ஒருமுறை எல்லா உறைகளையும் பெயர் ஒழுங்கில் ஒரே பெட்டியில் அடுக்கிவிட்டு, ஒவ்வொருவருக்கும் கிளறிக்கொண்டு நின்றோம். இப்போது முதல் நாள் மாலையே மாவட்டவாரியாகப் பிரித்து, பட்டியலோடு ஒப்பிட்டு, வெவ்வேறு மேசையில் வைத்துவிடுகிறோம்.

ஒவ்வொரு பாடசாலைக்கும் நேரம் குறிக்கும்போது ஆற்றையும், அதாவது வாவியையும், பார்க்கவேண்டும். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில் (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவையில்) வருபவர்கள் ஒருவர் இருவராக வருவதில்லை. பாதை கரைசேர்ந்தால் கூட்டமாகவே இறங்குவார்கள். பொழுது சாய்ந்தால் யானைப் பயம் வேறு. அதனால் அக்கரைப் பாடசாலைகளுக்குக் காலைநேரம். பக்கத்தில் உள்ளவர்களுக்குப் பிற்பகல். மூப்பு வரிசைப்படி நேரம் கொடுக்கச் சொன்ன அதிபர்களிடம் நான் மசியவில்லை.

வாக்குச்சீட்டைச் சிறிய உறையில் இட்டு ஒட்டவேண்டும். அதையும் ஆளடையாளப் படிவத்தையும் சேர்த்துப் பெரிய உறையில் வைக்கவேண்டும். படிவத்தில் வாக்காளர் கையெழுத்தும் என் கையெழுத்தும் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் எண்ணும் இடத்தில் அந்த வாக்கை ஒதுக்கிவிடுவார்கள். ஒரு டீச்சர் பெரிய உறையை ஒட்டிவிட்டு எழுந்தார். அவருடைய படிவம் மேசையில் மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், இது உங்கடதானே?"

"ஐயோ சேர், ஒட்டிப்போட்டனே!"

பசை காயவில்லை. அவரே மெல்லப் பிரித்து உள்ளே வைத்தார். அன்றிலிருந்து கடைசி மேசையில் ஒருவரை அமர்த்துகிறேன். உறையை ஒட்டுமுன் படிவமும் இரண்டு கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டுமே அவர் வேலை. மூன்று மணிக்குமேல் என் கையெழுத்தே எனக்கு நம்பிக்கை தருவதில்லை.

வரும்போது அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள். முகம் தெரிந்தாலும் அட்டை வேண்டும். குறியிட்ட வாக்குச்சீட்டைப் படம்பிடித்து முகநூலில் போடுவது குற்றம். போன்களை வைக்க வாசலில் பனையோலைப் பெட்டி ஒன்றை வைத்தோம். பெட்டி நிறைந்ததும், ஒரே கறுப்பு உறை போட்ட ஏழெட்டு போன்களில் எது யாருடையது என்று தெரியவில்லை. இப்போது துண்டு எழுதி ஒட்டவும் ஒரு ஆள் போட்டிருக்கிறோம்.