டின் பால்ல என்ன இருக்கு, எத பாத்து வாங்கணும்

எங்க மைனிக்கு பிரசவத்துக்கு அப்புறம் உடம்பு ரொம்ப முடியாம போயிட்டு, பால் பத்தல, டாக்டரம்மாவே பவுடர் பால் குடுங்கன்னு சொல்லிட்டாவ. வண்ணார்பேட்டையில ஒரு மெடிக்கல்ல போயி கேட்டா அங்க நின்ன தம்பி ஸ்டேஜ் 2 டின்ன எடுத்து நீட்டுதான், பிள்ளைக்கு அப்ப 40 நாள் கூட ஆவல. அது ஆறு மாசம் முடிஞ்ச பிள்ளைக்கு உள்ளது, பொறந்ததுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் ஸ்டேஜ் 1 தான். வீட்டுக்கு வந்து நம்பர பாத்துட்டு திரும்ப ஓடுனேன். அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சத தான் இங்க எழுதுதேன். தாய்ப்பால் இருக்கிற வீட்டுக்கு இது எதுவும் வேண்டாம், தாய்ப்பாலுக்கு ஈடு எந்த டின்னும் கெடையாது.

ஆச்சி என்ன சொன்னான்னா, டின்னு எதுக்கு, ஒரு பங்கு பசும்பாலுக்கு ரெண்டு பங்கு தண்ணி ஊத்தி பனங்கல்கண்டு போட்டு குடு, ஒங்கப்பன அப்படித்தான வளத்தேன். கணக்கு போட்டு பாப்போம். 100 மில்லி தாய்ப்பால்ல புரதம் 1 கிராம் போல தான் இருக்கும், பசும்பால்ல 3 கிராமுக்கு மேல. கன்னுக்குட்டி சீக்கிரம் எந்திச்சு ஓடணும், அதுக்கு அவ்வளவு வேணும், நம்ம பிள்ளையோட பிஞ்சு சிறுநீரகத்துக்கு அது தாங்காது. சரி தண்ணி ஊத்துனா புரதம் சரியாயிருமேன்னா, ஆவும், ஆனா 4 கிராம் இருந்த கொழுப்பும் 1.3க்கு எறங்கிரும், தாய்ப்பால்ல 7 கிராம் இருக்கிற லாக்டோஸ் இதுல 1.6 தான் மிஞ்சும், பிள்ளைக்கு வயிறு ரொம்பும், சத்து ஏறாது. இரும்புச்சத்து பசும்பால்ல மொதல்லயே கம்மி. இன்னொண்ணு, பசும்பால் புரதத்துல 80 சதவீதம் கேசீன், வயித்துக்குள்ள போனதும் பன்னீர் மாதிரி கட்டியா தெரஞ்சுரும். தாய்ப்பால்ல பாதிக்கு மேல வே புரதம், பால் தெரஞ்சா மேல தெளிஞ்சு நிக்குமே அந்தத் தண்ணியில உள்ளது, அது லேசா செமிக்கும்.

ஃபார்முலான்னு சொல்லுத இந்த டின் பவுடர் பால செய்யிறவங்க இத தான் சரி பண்ணுதாங்க. கொழுப்பெடுத்த பசும்பால்ல வே புரதம், லாக்டோஸ் ரெண்டையும் சேத்து, பால் கொழுப்புக்கு பதிலா தாவர எண்ணெய், அப்புறம் இரும்பு, வைட்டமின் எல்லாம் கலந்து, சூடான காத்துக்குள்ள பூஞ்சாரல் மாதிரி பீய்ச்சி அடிச்சா பொடியா விழுந்துரும். அதனால டின்ன திருப்பி பின்னாடி பாருங்க, சர்க்கரைன்னு முக்கியமா இருக்க வேண்டியது லாக்டோஸ், வெறும் சீனி சேத்துருந்தா நா எடுக்க மாட்டேன். புரதம் கலக்குன 100 மில்லிக்கு 1.3, 1.5 கிராம் போல இருந்தா நல்லது. பாமாயில் அதிகம் உள்ளதுல சில பிள்ளைக்கு மலம் இறுகும். மூளை, கண் வளர்ச்சிக்குன்னு சேக்கிற டிஎச்ஏங்கிற ஒமேகா-3 கொழுப்பு இருந்தா நல்லது தான், அதுக்காக ரெண்டு மடங்கு வெல குடுக்காண்டாம், ஆய்வு முடிவே ஒண்ணுபோல வரல. அடிப்படை சத்து எல்லா கம்பெனிக்கும் அரசு விதிப்படி தான், அதனால விலை கூடுனது தான் ஒசத்தின்னு இல்ல. நம்ம நாட்டு டின்ல குழந்தை படமே இருக்காது பாத்துருக்கீங்களா, 1992ல வந்த சட்டம் அத தடுத்துருக்கு, படத்த பாத்து மயங்கி தாய்ப்பால விட்டுரக் கூடாதுன்னு தான்.

எந்த டின்னுங்கிறத விட எப்படி கலக்குதோம்ங்கிறது தான் எனக்கு பெரிசா படுது. எங்க டின்ல 30 மில்லி தண்ணிக்கு ஒரு ஸ்பூன், உள்ளயே கெடக்கிற ஸ்பூன் தான், கத்தி முதுகால வழிச்சு தட்டையா எடுக்கணும், ஒரு டின் ஸ்பூன இன்னொரு டின்னுக்கு போடக் கூடாது. குவிச்சு போட்டா உப்பும் புரதமும் கூடி தண்ணிச்சத்து வத்தும். டின் சீக்கிரம் தீந்துருமேன்னு தண்ணிய கூட ஊத்துனா ரத்தத்துல சோடியம் எறங்கி ஃபிட்ஸ் வரைக்கும் கொண்டு போயிரும். தண்ணிய மொதல்ல அளந்துட்டு தான் பவுடர்.

தண்ணி விஷயத்துல நம்ம பக்கம் ரொம்ப கவனிக்கணும். போர் தண்ணி உப்பா இருந்தா காய்ச்சுனா கிருமி சாவும், உப்பு அப்படியே நிக்கும், இன்னும் சுண்டி கூடத்தான் செய்யும். தாமிரபரணி குழாத்தண்ணி வருதுன்னா அத நல்லா கொதிக்க வச்சுக்கோங்க, கேன் தண்ணியும் காய்ச்சாம ஆவாது. பவுடர் கிருமி இல்லாத பொருள் கெடையாது, குரோனோபாக்டர்னு ஒரு பாக்டீரியா அபூர்வமா இருக்கலாம், பச்ச பிள்ளைக்கு அது மூளை வரைக்கும் போவும். அதனால உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரிக்கு கொறயாத சூட்டுல கலக்கச் சொல்லுது, அதாவது தண்ணி கொதிச்சு அரை மணி நேரத்துக்குள்ள. கலக்குன பெறவு பாத்திரத்த பச்சத்தண்ணியில வச்சு ஆத்தி, மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு பாத்துட்டு குடுக்கணும். குடிச்ச மிச்சத்த எடுத்து வைக்கவே கூடாது, வாய் பட்ட பால்ல கிருமி மளமளன்னு பெருகும். பாலக் கொட்டுதியேன்னு ஆச்சிக்கு மனசே வரல.

ஆனா புட்டி வேண்டாம்னு ஆச்சி சொன்னது சரி, நிப்பிள் இடுக்குல பால் ஒட்டிக்கிட்டா கழுவவே முடியாது. அவ பெட்டியில இருந்து எடுத்த எவர்சில்வர் சங்குல தான் இப்ப குடுக்கோம், மூலை முடுக்கு இல்ல, கழுவி கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துருதோம்.