வேகத்தைக் குறைக்கும்போது டிரைவ் ஏன் டிரிப் ஆகிறது?

டிரைவ் என்பது அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி; டிரிப் என்பது அது தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுவது. 400 வோல்ட் மூன்று ஃபேஸ் சப்ளையில் ஓடும் டிரைவுக்குள், டயோடுகள் ஏசியை டிசியாக்கி கெப்பாசிட்டர்களை நிரப்புகின்றன. இந்த டிசி பஸ்ஸில் வழக்கமாக 565 வோல்ட் அளவுக்கு இருக்கும். வேகத்தைக் குறைக்க டிரைவ் அதிர்வெண்ணை இறக்கினால், ரோட்டர் சுழல் காந்தப்புலத்தை முந்திச் சுற்றும், மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். அந்த மின்சாரம் பஸ்ஸுக்குத் திரும்பும், ஆனால் டயோடுகளைத் தாண்டி லைனுக்குப் போக முடியாது. பஸ் வோல்டேஜ் ஏறி, 800 வோல்ட்டை ஒட்டி டிரைவ் டிரிப் ஆகும்.

எவ்வளவு சீக்கிரம் ஏறும்? 0.5 கிலோகிராம் சதுர மீட்டர் நிலைமத்திருப்புத்திறன் உள்ள சுமை 1500 ஆர்பிஎம்மில் சுமார் 6,200 ஜூல் வைத்திருக்கும். 1000 மைக்ரோஃபாரட் பஸ் 565இலிருந்து 800 வோல்ட்டுக்கு ஏற 160 ஜூல் போதும். மோட்டாரின் இழப்பும் உராய்வும் கொஞ்சம் தின்னும்; மீதிக்கு இடம் வேண்டும்.

செலவில்லாத வழி, டிசெல் நேரத்தை, அதாவது வேகம் குறைய எடுத்துக்கொள்ளும் நேரத்தை, கூட்டுவது. பஸ் வோல்டேஜைப் பார்த்துத் தானாகவே அதை நீட்டும் வசதி பல டிரைவுகளில் உண்டு. டிசி இன்ஜெக்‌ஷனில் (மோட்டார் சுருளில் டிசி செலுத்தி நிறுத்துவது) ஆற்றல் பஸ்ஸுக்கு வராது, ரோட்டரையே சூடாக்கும். ஆகவே அதைக் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மோட்டார் நின்றிருக்கும்போதே ஓவர்வோல்டேஜ் வந்தால், சந்தேகம் சப்ளை மீதுதான்.

சட்டென்று நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், மிச்ச ஆற்றலை வெப்பமாக எரிக்கும் பிரேக் ரெசிஸ்டர் தேவை. பஸ் 760 வோல்ட் வாக்கில் வந்ததும் டிரைவிலுள்ள சாப்பர் என்ற சுவிட்ச் டிரான்சிஸ்டர் ரெசிஸ்டரை பஸ்ஸுடன் இணைக்கும். 75 ஓம் என்றால் அப்போது 10 ஆம்பியர், 7.7 கிலோவாட். டிரைவின் கையேடு சொல்லும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போனால் சாப்பர் எரியும். அதிக ஓம் வைத்தால் ஆற்றலை வேகமாக எரிக்க முடியாமல் டிரிப் தொடரும். அடிக்கடி நிறுத்தும் இயந்திரத்துக்கு வாட் அளவையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். பலர் மறப்பது ஒன்று: டிசெல் நேரத்தைத் தானாக நீட்டும் அமைப்பை அணைக்காவிட்டால் ரெசிஸ்டருக்கு வேலையே வராது.

ரெசிஸ்டர் அதிகம் சூடானால் திறக்கும் வெப்ப சுவிட்சை டிரைவின் ஸ்டாப் முனையில் மட்டும் கொடுப்பது ஆபத்து. சாப்பர் ஷார்ட் ஆனால், மோட்டார் நின்ற பிறகும் 565 வோல்ட் நேராக ரெசிஸ்டரில் விழும். அதே 75 ஓமில் அது இடைவிடாத 4.3 கிலோவாட், தீப்பிடிக்கப் போதுமான வெப்பம். அதனால் அந்த சுவிட்ச் டிரைவுக்கு முன்னுள்ள மெயின் காண்டாக்டரின் (சப்ளையை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) காயிலைத் துண்டிக்கும்படி இருக்க வேண்டும்.