பக்கத்தில் கோல்ஃப் பயிற்சித் திடல் வருகிறதா? வலைக்கு முன் கேட்க வேண்டியவை

தோட்ட நிலம் துண்டு துண்டாகக் கைமாறும் ஊர்களில் மாவட்ட மன்றமோ நகராண்மைக் கழகமோ கோல்ஃப் பயிற்சித் திடல் கட்டப்போகிறது என்றால், பேச்சு உடனே பந்தைத் தடுக்கும் வலையின் உயரத்துக்குப் போய்விடும். முதலில் கேட்க வேண்டியது வேறு: கட்டப்போவது யார்?

தீபகற்ப மலேசியாவில் இதை ஆள்வது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172. திட்ட அனுமதி இல்லாமல் யாரும் மேம்பாட்டைத் தொடங்கக் கூடாது என்கிற 19ஆம் பிரிவு, ஊராட்சி மன்றத்துக்கு விலக்கு தருகிறது. மன்றம் தானே கட்டினால் அனுமதி விண்ணப்பமே இருக்காது, அதையொட்டிய ஆட்சேபக் கட்டமும் இருக்காது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியார் நிறுவனம் கட்டினால் அனுமதி தேவை. ஆகவே குத்தகையா, மன்றத்தின் சொந்தக் கட்டுமானமா என்பதை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

அனுமதி தேவைப்படும் இடத்திலும், அந்தப் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம், அதாவது ரஞ்சாங்கான் தெம்பாத்தான், இல்லாவிட்டால்தான் 21ஆம் பிரிவு அண்டை நிலத்தாருக்கு அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது. அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் காரணத்தோடு ஆட்சேபிக்க வேண்டும். ஒட்டிய நிலமும், 20 மீட்டருக்கு மிகாத சாலை, சந்து, வாய்க்கால் இடையில் இருக்கும் நிலமும் அண்டை நிலமே. உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே இருந்தால், அதில் அந்த நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒதுக்கீட்டுக்குப் பொருந்தாத பயன்பாடு என்றால் அதுவே பலமான கேள்வி.

தோட்டப்புற மக்கள் ஏமாறும் இடம் இதுதான். அறிவிப்பு போவது நில உரிமையாளருக்கு. லயத்து வீட்டில் மூன்று தலைமுறை இருந்தாலும் பட்டா கம்பெனி பெயரில் இருந்தால் கடிதம் கம்பெனி அலுவலகத்துக்குத்தான் போகும். தோட்ட நிலத்திலேயே நிற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் இதே நிலைதான். மன்றத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டு வாரியத்துக்கு ஒரு மாதத்துக்குள் போகலாம். ஆனால் அண்டை வீட்டார் தரப்பில் அந்த வழி, 21ஆம் பிரிவின்கீழ் முன்பே ஆட்சேபம் கொடுத்தவருக்கு மட்டும். கம்பெனி சும்மா இருந்துவிட்டால் கதவு மூடிவிடும். அதனால் குடியிருப்போர், பள்ளி வாரியம், கோயில் நிர்வாகம் சேர்ந்து, கம்பெனி தன் பெயரில் ஆட்சேபம் கொடுத்து நேர்விசாரணையும் கேட்க வேண்டும் என்று தோட்ட மேலாளரிடம் மனு கொடுங்கள். நகலை மன்ற உறுப்பினரிடமும் சேருங்கள். மன்றமே கட்டும் இடத்தில் இந்த வழி கிடையாது. அங்கே மன்றக் கூட்டம்தான் களம். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானிக்காத வரை கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது.

மனுவில் என்ன எழுதுவது? "வலையை உயர்த்துங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். வலையின் உயரம் கடைசியில் வரும் விடை. முதலில் முடிவாக வேண்டியவை திடலின் திசை, நீளம், பந்தின் வகை. பந்து அடிக்கும் திசை வீடுகளையோ பள்ளியையோ சாலையையோ நோக்கக் கூடாது. அடிப்பவர் மேற்கே பார்த்து நின்றால் மாலை வெயில் கண்ணில் விழும், பந்து போகும் இடம் தெரியாது. வடக்கோ தெற்கோ பார்ப்பது நல்லது. பறக்கும் தூரம் குறைக்கப்பட்ட பயிற்சிப் பந்து, நீள அடிக்கான டிரைவர் மட்டைக்குத் தடை, இவை இரண்டும் வலையைவிட மலிவு. ஆனால் தடை என்பது பலகையில் எழுதி வைத்தால் நடக்காது. பந்தையும் மட்டையையும் திடலே கொடுத்தால்தான் நடக்கும்.

கைதேர்ந்தவர் அடித்தால் பந்து 25 முதல் 30 மீட்டர் உயரம் எழும். உச்சி அடிமேடைக்கு அருகில் இருக்காது, பாதி வழியைத் தாண்டித்தான் வரும். ஆகவே பக்கவலை நடுப்பகுதியில் உயர்ந்து, மேடைப் பக்கம் தாழலாம். ஒரே உயரத்தில் சுற்றிவரக் கட்டுவது பணத்துக்கும் கேடு, பார்வைக்கும் கேடு. காற்று கம்பத்தின் அடியில் தரும் வளைவு விசை, உயரத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும்: 20 மீட்டர் கம்பத்தை 30 ஆக்கினால் உயரம் ஒன்றரை மடங்கு, விசையோ 2.25 மடங்கு. கோல சிலாங்கூர், பாகான் டத்தோ போன்ற கரையோரக் களிமண்ணில் செலவை விழுங்குவது அடித்தளம்தான். மண் பரிசோதனை அறிக்கை வருமுன் சொல்லப்படும் விலையை நம்ப வேண்டாம். காற்றுச் சுமை எம்எஸ் 1553 என்னும் மலேசியத் தரத்தின்படியும், இடிதாங்கி எம்எஸ் ஐஇசி 62305 தரத்தின்படியும் கணக்கிடப்பட்டதா என்று கேளுங்கள்.

கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர், 25 மில்லிமீட்டர் கண் உள்ள வலை அதைத் தடுக்கும். நிறம் கறுப்பாகவே இருக்கட்டும். பச்சை வலை மரங்களோடு கலக்கும் என்பது வெறும் நம்பிக்கை, வானத்தின் பின்னணியில் அது கறுப்பைவிடத் துருத்தித் தெரியும். கறுப்பு நிறம் தரும் கரித்தூள் வெயிலையும் தாங்கும். நம் ஊரில் வலையைக் கெடுப்பது பந்தைவிடக் கொடி. வேலி ஓரம் வெட்டாமல் விட்டால் சில மாதத்தில் கொடி ஏறி, வலை பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கும், கம்பம் சாயும். களை வெட்டுதல், கம்பிவட இறுக்கம் சரிபார்த்தல், வலை மாற்றுதல் மூன்றுக்கும் ஆண்டு வரவுசெலவில் தனி ஒதுக்கீடு வேண்டும். குத்தகை என்றால் அதை ஒப்பந்த நிபந்தனையாக எழுத வேண்டும். இரவு விளக்கு கீழ்நோக்கி, மறைப்புத் தகட்டோடு இருக்க வேண்டும், அணையும் நேரமும் குறிக்கப்பட வேண்டும்.

மலை தெரியவில்லை, கோபுரம் மறைகிறது என்பதை வைத்து மட்டும் வழக்கு போட முடியாது, அதைத் திட்ட நிலையிலேயே பேசித் தீர்க்க வேண்டும். பந்து வந்து விழுவது வேறு விஷயம். 1922இல் இங்கிலாந்தில் சாலையில் போன டாக்சி ஓட்டுநரின் கண் கோல்ஃப் பந்தால் பறிபோன வழக்கில் கிளப் பொறுப்பாக்கப்பட்டது. அத்தகைய பொதுச் சட்ட நெறி 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் வழியாக இங்கும் எடுபடும். மன்றத்தின் மீது வழக்கென்றால் 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதக் கெடு உண்டு. ஆகவே விழும் ஒவ்வொரு பந்தையும் எடுத்து வைத்து, நாளும் நேரமும் விழுந்த இடமும் குறித்து, படத்தோடு மன்றத்துக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.