பூங்காவிலும் காட்டுப்பாதையிலும் மிதிவண்டி: எங்கே ஓட்டலாம், எங்கே அனுமதி வேண்டும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பாதையில் மிதிவண்டி ஓட்டலாமா என்பது, அந்தப் பாதை யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாகர்கோவில் வேப்பமூடு பூங்கா மாநகராட்சியினுடையது. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் பல்லுயிர்ப் பூங்கா வனத்துறையினுடையது.

உள்ளாட்சிப் பூங்காக்களில் நுழைவாயிலில் உள்ள பலகையை முதலில் படிக்க வேண்டும். ‘மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால், காலால் மிதித்து ஓட்டும் வண்டியை அது தடுக்காது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் வரையறைக்குள் மிதிவண்டி வருவதில்லை. ‘வாகனங்களுக்கு அனுமதி இல்லை’ என்றிருந்தால் மிதிவண்டியையும் வெளியே நிறுத்த வேண்டியதுதான். வாசலில் நடக்கும் வாக்குவாதங்கள் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைப் பற்றியவை என்பதால், பலகை எழுதுபவர்களும் சற்றுக் கவனம் காட்டலாம்.

காட்டுக்குள் நிலைமை வேறு. சுமார் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயத்துக்குள் நுழைவதையே 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. பணியில் உள்ள அரசு ஊழியர், உள்ளே வசிக்க அனுமதி பெற்றவர், அங்கே அசையாச் சொத்தில் உரிமை உள்ளவர், இவர்களைச் சார்ந்து வாழ்வோர், பொது நெடுஞ்சாலை வழியே கடந்து செல்பவர் ஆகியோர் நீங்கலாக, மற்ற எல்லோரும் 28ஆம் பிரிவின்படி அனுமதிச் சீட்டு பெற வேண்டும். சுற்றுலா, ஆராய்ச்சி, புகைப்படம் எடுத்தல் போன்றவற்றுக்கு அந்தச் சீட்டு கட்டணத்துடனும் நிபந்தனைகளுடனும் வழங்கப்படும். ஆகவே, உள்ளே குடியிருக்கும் தொழிலாளி சைக்கிளில் வீடு திரும்புவதும், வார இறுதியில் மலைச் சைக்கிளோடு வரும் இளைஞர் ஒற்றையடிப் பாதையில் இறங்குவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல.

புகையும் சத்தமும் இல்லாத வண்டிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்கள் உண்டு. சத்தமில்லாமல் வேகமாக வருவதே இங்கே ஆபத்து: வளைவில் நிற்கும் யானைக்கு ஆள் வருவது தெரிவதில்லை, ஓட்டி வருபவருக்கும் நிறுத்தித் திரும்ப நேரமிருக்காது. மழைக்காலத்தில் டயர் கிழித்த தடம் வழியே நீர் ஓடிப் பாதை அரிக்கப்படுவதும் உண்டு.

அனுமதி கோரும் விண்ணப்பத்தை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் கொடுக்கலாம். செல்லும் பாதை, நாள், ஆட்களின் எண்ணிக்கை, மிதிவண்டியில் செல்லும் விவரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுவது நல்லது. அனுமதியின்றி நுழைந்தால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மூன்று ஆண்டுகள் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.