ஃபெரல்: காட்டு நாயா, காடுபுகுந்த நாயா?

வீட்டில் வளர்ந்த நாய் ஆளில்லாத காட்டில் தனியாக விடப்படுகிறது. தானே இரை தேடி, தானே பதுங்கப் பழகி, கடைசியில் மனித வாடை பட்டாலே விலகி ஓடுகிறது. இந்த நிலையை ஆங்கிலத்தில் ஃபெரல் என்பார்கள். தமிழில் எழுதும்போது பலரும் சட்டென்று 'காட்டு நாய்' என்று போட்டுவிடுகிறோம். அதில் எனக்கு மனம் ஒப்புவதே இல்லை.

சொல் லத்தீன் வழி வந்தது. 'ஃபெரஸ்' என்றால் அடங்காத, காட்டுக்குரிய என்று பொருள். மூர்க்கத்தைச் சொல்லும் ஃபியர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே வேர். ஆனால் உயிரியலில் ஃபெரல் என்பது மூர்க்கம் அல்ல. வளர்ப்பு இனத்தில் வந்து, மனிதர் கையை விட்டு வாழும் விலங்கு, அவ்வளவுதான். பூனை, பன்றி, குதிரைக்கும் இது பொருந்தும்.

செந்நாய்தான் உண்மையான காட்டு நாய். அது யார் வாசலிலும் கிடந்ததில்லை. தெருநாய் மனிதர் போடுவதையும் எறிவதையும் நம்பி வாழ்வது. ஈழத் தமிழில் இதற்குக் 'கட்டாக்காலி' என்ற அழகான சொல் உண்டு. காலி என்றால் மாடு. கட்டாமல் விட்ட மாட்டுக்கு வந்த பெயர் நாய்க்கும் ஆகிவிட்டது. ஃபெரல் இந்த இரண்டும் இல்லை.

காட்டுக்குப் போனாலும் நாயின் உடம்பும் பழக்கமும் ஓநாயாக மாறிவிடுவதில்லை. ஓநாய்க் குட்டிகளுக்குத் தகப்பனும் இறைச்சி கொண்டுவந்து கக்கிக் கொடுக்கும். நாயிடம் அந்தப் பழக்கம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. தாய் தனியாகவே அல்லாட, குட்டிகளில் பல பிழைப்பதில்லை. வீட்டில் வாழ்ந்த வரலாறு அதன் கூடவே காட்டுக்கும் வருகிறது. அந்த வரலாறு சொல்லிலும் தெரிய வேண்டாமா?

அதனால் நான் 'காடுபுகுந்த நாய்' என்கிறேன். புகுந்தது என்றாலே வேறு எங்கிருந்தோ வந்தது என்று தெரிந்துவிடும். 'காட்டேறிய' என்றும் சொல்லலாம்தான், ஆனால் காட்டேறி என்ற பேய் குறுக்கே வந்து நிற்கும். காடு என்றால் மரம் வேண்டுமே என்ற கவலையும் வேண்டாம். கரிசல்காடு, வெள்ளக்காடு, சுடுகாடு என்று பரந்த வெளிக்கும் பாழ்நிலத்துக்கும் அச்சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறோம். பனிவெளியும் காடுதான்.

அப்படியொரு பனிக்காட்டில் நடந்தது இது. 1958 பிப்ரவரியில் மோசமான வானிலையால் ஜப்பானிய ஆய்வுக் குழு அண்டார்டிகாவில் இருந்த தன் ஷோவா ஆய்வு நிலையத்தை விட்டுக் கிளம்ப நேர்ந்தது. பனிவண்டி இழுத்த சகாலின் இன நாய்கள் 15-ஐச் சங்கிலியில் கட்டியபடியே விட்டுப் போனார்கள். 1959 ஜனவரியில் அடுத்த குழு வந்தபோது 7 நாய்கள் சங்கிலியிலேயே இறந்து கிடந்தன. 6 நாய்களைக் காணவில்லை. டாரோ, ஜிரோ என்ற அண்ணன் தம்பி மட்டும் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு, ஏறக்குறைய 11 மாதம் தாங்களாகவே பிழைத்திருந்தன.

இவற்றை ஃபெரல் எனலாமா? கூடாது என்பேன். பிழைக்கக் கற்றுக்கொண்டன, சரி. ஆனால் நிலையத்தின் பக்கத்திலேயே கிடந்தன. வந்தவர்களைக் கண்டு முதலில் தயங்கி நின்றன. அப்புறம், பழக்கிய ஆள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்க்க, 'டாரோ' என்றதும் ஒரு வால் லேசாக ஆடியது.