பத்திரத்து விஸ்தீரணமும் பட்டா கணக்கும்

“ஏனுங்க, பத்திரத்துல மூணு ஏக்கர்னு எழுதியிருக்குதுங்க. பட்டாவுல ஒண்ணு இருபத்தொண்ணரைன்னு காட்டுது. மீதி பூமி எங்கீங்க போச்சு?”

பத்திர விஷயமாக வரும் கோபி, பவானிப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் அடிக்கடி கேட்பது இது. பூமி எங்கேயும் போகவில்லை. பத்திரத்தில் இருப்பது ஏக்கர், சென்ட். பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர்ஸ். ‘1 - 21.50’ என்றால் 1 ஹெக்டேர் 21.5 ஏர்ஸ். நூறு ஏர்ஸ் ஒரு ஹெக்டேர் என்பதால், இது 1.215 ஹெக்டேர். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், பெருக்கினால் மூன்று ஏக்கர் வந்துவிடும்.

இந்தச் சொற்கள் ஆளுக்கொரு திசையிலிருந்து வந்தவை. விஸ்தீரணம் சமஸ்கிருதம், ‘பரந்து கிடப்பது’ என்று பொருள். நம்முடைய பரப்பும் ‘பரவு’ என்பதோடு உறவுள்ளதுதான். ஏக்கர், பழைய ஆங்கிலத்தில் வெறும் வயல். பிறகு ஒரு ஜோடி எருது ஒரு நாளில் உழும் அளவானது. (எந்த ஊர் எருது என்று காங்கேயம் மாட்டுக்காரர்கள் கேட்பார்கள்.) சென்ட்டுக்கு மூலம் நூறைக் குறிக்கும் லத்தீன் சொல்; ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, 435.6 சதுரடி. ஹெக்டேரின் முன்பாதியும் நூறுதான், கிரேக்கத்து நூறு.

வழக்கு வருவது பெரும்பாலும் இந்தக் கணக்கால் அல்ல. எவ்வளவு பரந்திருக்கிறது என்று சொல்லும் விஸ்தீரணம், எதுவரை என்று சொல்லாது. அதைச் சொல்வது செக்குபந்தி, அதாவது பத்திரத்தில் எழுதும் நான்கெல்லை விவரம். இரண்டும் முரண்பட்டால், நான்கெல்லை தெளிவாக இருக்கும்பட்சத்தில் கோர்ட் பொதுவாக எல்லையைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் நம் பத்திரங்களில் செக்குபந்தியை யாரும் புதிதாக எழுதுவதில்லை. தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள். ‘இட்டேரிக்கு வடக்கு’ என்று இருக்கும். (இட்டேரி என்பது இருபக்கமும் வேலியோடு தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை.) போய்ப் பார்த்தால் இட்டேரி இருந்த இடத்தில் சைட் போட்டிருப்பார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் என்று பெயர் எழுதப்பட்டவர் விற்றுவிட்டுப் போயிருப்பார்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சர்வேயரை வைத்து, புலப்படத்தோடு (நிலத்தின் சர்வே அளவு வரைபடம்) நான்கு பக்கமும் நடந்து பாருங்கள். இன்றைய பக்கத்துக்காரர் பெயர், அவருடைய சர்வே உட்பிரிவு எண், ஒவ்வொரு பக்கத்தின் அடிக்கணக்கு, மாமூல் வண்டித்தட பாத்தியம் (வழக்கமான தடத்தில் வண்டி போய்வரும் உரிமை) எல்லாம் பத்திரத்தில் ஏறட்டும். “கூடக்குறைய இருந்தா பாத்துக்கலாமுங்க” என்று விற்பவர் சொன்னால், அளந்து வந்த சென்ட்டுக்குத்தான் பணம் என்று அக்ரிமென்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்கு இசையாதவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.