கிராஃபீன் நானோ இழை: எதைத் தமிழாக்கலாம், எதை அப்படியே விடலாம்?

மின்கடத்தும் பலபடி (பாலிமர்) நானோ இழை என்று எழுதினாலே ஒரு குழப்பம் வரும். மின்சாரம் கடத்துவது பலபடியா, அதில் கலந்த வேறு பொருளா? பாலிஅசெட்டிலீன் போல, அயோடின் மாதிரி ஒன்றைச் சிறிது ஏற்றியதும் தன் சங்கிலி வழியே மின்சாரம் கடத்தும் பலபடிகளும் உண்டு, அந்த வேலைக்குத்தான் 2000-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. இங்கே பேசுவது அதுவல்ல. மின்சாரம் கடத்தாத சாதாரணப் பலபடியில் கிராஃபைட்டின் ஒற்றை அடுக்கான கிராஃபீனைச் சேர்த்துக் கடத்த வைப்பது. அதனால் 'கிராஃபீன் கலந்த மின்கடத்து இழை' என்று எழுதுவதே சரி.

பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கரியால் எழுதலாம் என்பதால் 'எழுது' என்ற பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து கிராஃபைட் என்ற பெயர் 1789-ல் வந்தது. அதன் ஒற்றை அடுக்குக்கு, நாப்தலீன், ஆந்த்ரசீன் என்று கரி வளையங்கள் ஒட்டிய சேர்மங்களுக்கு வரும் 'ஈன்' விகுதியைச் சேர்த்து வேதியியலாளர் ஹான்ஸ்-பீட்டர் போம் குழுவினர் 1986-ல் கிராஃபீன் என்று பெயர் வைத்தார்கள். மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் உரித்து அதைத் தனியே எடுத்துக் காட்டியது 2004-ல்தான், அதாவது பெயர் முன்னாலேயே வந்துவிட்டது. அந்த 'ஈன்' விகுதியில் வேதியியல் தகவல் இருப்பதால் கிராஃபீனைத் தமிழாக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. 'கரித்தாள்' என்று மாற்றினால் படிப்பவருக்கு நகலெடுக்கும் கார்பன் பேப்பர்தான் நினைவுக்கு வரும்.

பாலிமருக்குப் பலபடி, பல்லுறுப்பி இரண்டும் உண்டு, இலங்கையில் பல்பகுதியம் என்பார்கள். மூலச்சொல்லுக்கு 'பல பகுதி' என்றுதான் பொருள் என்பதால் நேர் மொழிபெயர்ப்பு இலங்கைச் சொல்தான், ஆனால் இங்கே பாடநூலில் பலபடி ஊன்றிவிட்டது, இருக்கட்டும். நானோ என்பது கிரேக்கத்தில் குள்ளன். 'நுண்' என்பதை நுண்ணோக்கியும் நுண்ணுயிரும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டதால் நானோவை அப்படியே விடுவதே நல்லது. (நானோ இழை என்ற பேரில் வருவதில் பல, கறாரான 100 நானோமீட்டர் வரம்பைத் தாண்டிச் சில நூறு நானோமீட்டர் தடிமனில் இருக்கும், அது வேறு கதை.)

தமிழில் அழகாக உட்காரும் சொல் மின்நூற்பு. எலக்ட்ரோஸ்பின்னிங் என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது, ஏனென்றால் அங்கே நடப்பது நூற்பதேதான். கரைத்த பலபடியில் கிராஃபீனைக் கலந்து ஊசி வழியே மெல்லத் தள்ளி, ஊசிக்கும் எதிரே உள்ள தகட்டுக்கும் இடையில் பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால், ஊசி முனையில் நிற்கும் சொட்டு கூம்பாக நீள்கிறது, கூம்பின் நுனியிலிருந்து மெல்லிய தாரை பீறிட்டுச் சாட்டை போல் சுழன்று போகிறது, போகிற வழியிலேயே கரைப்பான் ஆவியாகித் தகட்டில் இழையாகப் படிகிறது. அந்தக் கூம்புக்கு டெய்லர் கூம்பு என்று பெயர். விளைந்த இழையை மட்டும் 'மின்னிழை' என்று சுருக்கிவிடாதீர்கள், அது பல்பின் உள்ளே ஒளிரும் கம்பிக்குப் போய்விட்டது.

தண்ணீரில் எளிதாகக் கலக்கிறதே என்று கிராஃபீன் ஆக்சைடைப் போட்டால் வேலை பாதிதான் முடியும், அது அநேகமாகக் கடத்தாது. நூற்ற பிறகு ஆக்சிஜனை நீக்க வேண்டும், அதற்கு ஒடுக்கம் என்று வேதியியலில் நல்ல சொல் இருக்கிறது.

அடுத்து பெர்கோலேஷன் வரம்பு. பலபடிக்குள் கிராஃபீன் ஏடுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும்வரை மின்சாரம் போகாது, ஒன்றையொன்று தொடுமளவு சேர்ந்ததும் முனைக்கு முனை பாதை உருவாகிக் கடத்துதிறன் திடுமென ஏறும். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் (இழையாக நூற்காமல் கட்டியாகச் செய்ததில்) கன அளவில் சுமார் 0.1 சதவீதத்திலேயே இது நடந்ததாக 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. மூலச்சொல் லத்தீனில் 'வடிகட்டு' என்பதால் சிலருக்குக் 'கசிவு வரம்பு' என்று எழுதத் தோன்றும். வேண்டாம். தீ விபத்துச் செய்திகளில் தவறாமல் வரும் மின்கசிவுதான் அங்கே முந்திக்கொண்டு வரும். 'இணைவு வரம்பு' என்று சொல்லலாம், ஏடுகள் இணைவதைத்தானே சொல்கிறோம்.